ஆங்கில 'ரன்' என்ற வினைக்கு எத்தனை பொருள்கள்? அதற்கு மாற்றாக எந்தச் சொற்களை எழுதலாம்?

'ரன்' என்றால் ஓடுவது என்று மட்டும் பள்ளியில் படித்தவருக்கு ஆங்கிலச் செய்தித்தாள் பல இடங்களில் புரியாமல் போகும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப்பட்ட பதிவு இந்த வினைக்கு மட்டும் 645 பொருள்களைத் தருகிறது.

காலால் விரைவதைக் குறித்த இச்சொல், தடையின்றி நகரும் எதற்கும் பொருந்தத் தொடங்கியதால், ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துணியின் சாயம் கசிவது ஆகிய எல்லாமே 'ரன்' ஆயின. கடையை நடத்துவதும் கணினியில் நிரலை இயக்குவதும் அதே சொல்தான். வைப்பாளர்கள் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பப் பெற முண்டியடிப்பது 'பேங்க் ரன்'. 2007-இல் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக்கு நேர்ந்தது அதுவே. தேர்தலில் அமெரிக்கர் 'ரன்' செய்கிறார், பிரிட்டிஷ்காரர் 'ஸ்டாண்ட்' செய்கிறார். நாமும் நிற்பவர்கள் பக்கம்தான்.

ஆகவே மாற்றுச் சொல்லைப் பொருள் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். முழு வேகத்தில் குறுந்தொலைவு ஓடுவது 'ஸ்பிரிண்ட்', உடற்பயிற்சிக்கான மெதுவோட்டம் 'ஜாக்', அவசரமாகப் பாய்வது 'டாஷ்', மிரண்டோ தப்பித்தோ ஓடுவது 'போல்ட்', குதிரையின் நாலுகால் பாய்ச்சல் 'காலப்'. நிறுவனத்துக்கு 'மேனேஜ்', நீருக்கு 'ஃப்ளோ' பொருந்தும்.

'ரன் அவுட் ஆஃப்' (தீர்ந்துபோதல்), 'ரன் இன்டு' (எதிர்பாராமல் சந்தித்தல்), 'ரன் ஓவர்' (வண்டி ஏற்றுதல்) போன்ற கூட்டுவினைகளைப் பிரித்துப் பொருள் தேடாமல், ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாகவே கற்பது நல்லது.