ராஜ்யசபாவில் ஒரு எம்.பி. பேசுவதால் சாதாரண மனிதருக்கு என்ன கிடைக்கிறது?

"மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பாத எம்.பி.க்கள் வெள்ளிக்கிழமை மதியம் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசி என்ன ஆகப்போகிறது, யாருக்காவது ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் ரோடு சரியில்லை, மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டீர்கள், அந்த எரிச்சலில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் நியாயம். ஆனால் "யாருக்காவது கிடைத்ததா" என்ற இடம் என்னைச் சுட்டுவிட்டது. எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்தக் கட்சியும் இல்லை. இதில் ஒரு தி.மு.க. எம்.பி.யைப் பற்றி எழுதப்போவதால் அந்த முத்திரையைக் குத்த வேண்டாம், நான் மாற்றி மாற்றி ஓட்டுப் போட்டவள்தான்.

எனக்கு ஒரு தங்கை. தம்பியாகப் பிறந்தாள் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். 2008ல், பத்தொன்பது வயதில், அப்பா கை நீட்டி அடித்த ராத்திரி வீட்டைவிட்டுப் போனவள். அப்புறம் ஏழு வருடம் அப்பா அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய பெயரையும் சொல்ல மாட்டார், புதுப் பெயரையும் சொல்ல மாட்டார். அம்மா கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்து, டிபன் பாக்ஸில் சோறு கொடுத்துவிட்டு வருவாள். 2011ல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது அப்பா "ஒரே பொண்ணு" என்றார். நான் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அந்தக் கணக்கெடுப்பில்தான் முதல் தடவையாக ஆண், பெண் அல்லாமல் மூன்றாவதாக ஒரு பிரிவு வைத்து எண்ணினார்கள். நாடு முழுக்க 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர் என்று கணக்கு வந்தது. அதில் என் தங்கை உண்டா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, எங்கள் வீட்டுக் கணக்கில் அவள் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2014 ஏப்ரல் 15ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்புக் கொடுத்தது. அதே வருடம் டிசம்பரில் தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா மாநிலங்களவையில் திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதா என்றால் அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் தானாகக் கொண்டுவருவது. அதற்கு ஒதுக்கிய நேரம் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு மேல், பாதிப் பேர் ஊருக்கு விமானம் பிடிக்கக் கிளம்பிவிடும் நேரம். பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், கொஞ்ச நேரம் பேசுவார்கள், அமைச்சர் "அரசு பரிசீலிக்கும், திரும்பப் பெறுங்கள்" என்பார், உறுப்பினரும் திரும்பப் பெற்றுக்கொள்வார், அவ்வளவுதான். 1970க்கு அப்புறம் ஒரு தனிநபர் மசோதாகூடச் சட்டமாகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2015 ஏப்ரல் 24, அதுவும் வெள்ளிக்கிழமைதான். அமைச்சர் தாவர்சந்த் கெலாட் வழக்கம்போலத் திரும்பப் பெறச் சொன்னார். சிவா மாட்டேன் என்று நின்றார், ஓட்டெடுப்புக்கு விடுங்கள் என்றார். கடைசியில் அவை முன்னவராக இருந்த அருண் ஜேட்லி, இப்படிப்பட்ட விஷயத்தில் சபை பிரிந்து நிற்கக் கூடாது என்று சொல்ல, குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது. கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு, தனி ஆணையம், தனி நீதிமன்றம் எல்லாம் அதில் இருந்தன.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா எப்போதும் பேப்பரை வாசித்ததும் நாலாக மடித்து டி.வி. மேல் வைப்பார், தலைப்பு வெளியே தெரிய மடிப்பது அவர் பழக்கம். அன்று அந்தச் செய்தி வெளியே தெரிகிற மாதிரி மடிந்திருந்தது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் நான் அதை எடுத்துப் பரணில் போடப் போனேன், "அதை எடுக்காதே" என்றார். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "திருநங்கைன்னு போட்டிருக்கான். ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையாமே" என்றார். கொஞ்ச நேரம் குழாயை மூடாமல் நின்றார். அப்புறம், "அத்தனை பேர் ஒத்துக்கிட்டாங்க. நான் ஒருத்தன் மாட்டேன்னு உட்கார்ந்திருந்து என்ன பண்ண?" என்றார்.

அந்த வாரமே பேப்பரைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. அங்கே இருந்தவர் துண்டை வாசித்துவிட்டு, "இது ராஜ்யசபாவுல மட்டும் பாஸானது பெரியவரே, இன்னும் சட்டமாகலை" என்றார். சரிதான், அவர் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் துண்டைத் திருப்பிக் கொடுத்த விதம்! இரண்டு விரலால் நுனியைப் பிடித்து நீட்டினார். அதோடு இல்லை, மூன்று செட் ஜெராக்ஸ் கேட்டு, எடுத்துக்கொண்டு வந்தால் சீட்டில் ஆள் இல்லை, மறுநாள் வந்தால் நாலாவதாக இன்னொரு காகிதம். எழுபது வயது மனிதரை எத்தனை முறைதான் படியேற வைப்பார்கள்? இது இந்த விஷயத்துக்கு மட்டும் இல்லை, அம்மாவின் முதியோர் உதவித்தொகைக்கும் இதே அலைச்சல்தான் அலைந்தோம். ஒரு தடவையில் என்னென்ன வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

சரி, அதை விடுங்கள். "அந்த மசோதாதான் சட்டமாகவே இல்லையே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். ஆமாம், ஆகவில்லை. மக்களவையில் பைஜயந்த் பாண்டா அதை முன்வைத்தார், அங்கேயே கிடந்து 2019ல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. அரசு தன் பங்குக்கு 2016ல் வேறொரு மசோதா கொண்டுவந்தது, அதற்குத் திருநங்கையர் எதிர்த்துப் போராடினார்கள், திருத்தங்களோடு 2019ல் சட்டமானது. அதில் இடஒதுக்கீடு இல்லை, பாலியல் வன்முறைக்கு அதிகபட்சமே இரண்டு வருடத் தண்டனை. அது சட்டமாகும் முன், விரிவாக ஆராய எம்.பி.க்கள் அடங்கிய தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரி சிவா மறுபடி தீர்மானம் கொண்டுவந்தார், தோற்றது. எல்லாம் ஒரு எம்.பி.யால் வந்தது என்று நான் சொல்லவில்லை. தெருவில் இறங்கியவர்களும் வழக்குப் போட்டவர்களும் இல்லாவிட்டால் அந்த மசோதாவே இருந்திருக்காது. ஒரு பேச்சால் எங்கள் அப்பா அடியோடு மாறிவிட்டார் என்றும் சொல்லவில்லை. அம்மா ஏழு வருடம் சுமந்த டிபன் பாக்ஸுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அவருக்கு இறங்கி வர ஒரு படி தேவைப்பட்டது. மகள் சொன்னாள், பெண்டாட்டி அழுதாள் என்று இறங்குகிற மனிதர் இல்லை அவர். டெல்லியில் பெரிய சபையில் ஒருவர் பின்வாங்காமல் நின்றது அவருக்கு அந்தப் படியாக அமைந்தது.

அந்த வருடத் தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்கு வந்தாள். அப்பா அவளிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான், "எண்ணெய் சூடா இருக்கு, சீக்கிரம் தேய்ச்சுக்கோ". 2017ல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது அவள் பெயர் அதில் இருந்தது. கார்டோடு சேர்த்து அந்தப் பேப்பர் துண்டும் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, மடிப்பில் எழுத்து அழிந்துவிட்டது. அன்றைய விவாதம் முழுவதும் மாநிலங்களவை இணையதளத்தில் இருக்கிறது, தேதியைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். படித்துப் பாருங்கள்.