டொமைன் விக்கிற சைட்டுகள்ல விலை வரம்பு: கேட்டீங்கள், சொல்லுறன்

டொமைன், அதாவது இணையத்தளத்துக்கு வைக்கிற பேர், வாங்கி விக்கிறன் எண்டு வாய் தவறிச் சொன்ன நாள் தொடக்கம் வெள்ளவத்தையில எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு ஆள் சாப்பாட்டுக்கு முதல் மூலைக்குக் கூப்பிட்டு ஃபோனைக் காட்டி "அண்ணை இதில என்ன விலை போடுறது" எண்டு கேக்கிறது வழக்கமாப் போச்சு. கனக்கப் பேர் குழம்புறது விலைப் பெட்டிகள்லதான், அதால இந்த முறை கேள்வி அதைப் பற்றி மட்டும் அனுப்புங்கோ எண்டு சொன்னன். வந்ததில கொஞ்சத்தை எடுத்திருக்கிறன். நான் பெரிய விண்ணன் இல்லை, ஆனா பிழை விட்டுக் காசு குடுத்துப் படிச்சவன்.

வெள்ளவத்தை தம்பி: அண்ணா என்னட்ட 40 டொட் கொம் இருக்கு, ஆஃப்டர்னிக் எண்ட விக்கிற சைட்டில போடப் போனா பை நவ், ஃப்ளோர், மினிமம் ஒஃபர் எண்டு மூண்டு பெட்டி கேக்குது. மூண்டுக்கும் ஒரே நம்பரைப் போட்டா என்ன?

போடலாம் தம்பி, ஆனா மூண்டும் மூண்டு வேலை செய்யிது. பை நவ் எண்டது கடைக் கண்ணாடியில ஒட்டின விலை, அந்தக் காசைக் கட்டினா பேர் போயிடும், உங்களிட்டத் திரும்பிக் கேக்க மாட்டாங்கள். மினிமம் ஒஃபர் வாசல்ல நிக்கிற செக்கியூரிட்டி, அதுக்குக் கீழ கேக்கிறவனை உள்ளயே விடாது. ஃப்ளோர்தான் ஆபத்தான பெட்டி. அது வாங்கிறவனுக்குத் தெரியாது, ஆனா அவங்கட விற்பனை ஆள் வாங்கிறவனோட ஃபோன்ல பேரம் பேசேக்க அந்த நம்பர் வரைக்கும் உங்களைக் கேக்காமலே இறங்கலாம். அதாவது ஃப்ளோர்ல 400 போட்டுட்டு பை நவ்ல 1,800 போட்டா, உங்கட மனசில விலை 1,800 ஆ இருக்கும், ஆனா விக்கிற ஆளுக்கு நீங்கள் எழுதிக் குடுத்த கடிதம் 400. புறக்கோட்டையில கடைப் பெடியனிட்ட "முதலாளி எவ்வளவுக்குக் குறைக்கலாம்" எண்டு கேட்டா அவன் சொல்லுற கடைசி விலை மாதிரித்தான் இது.

சரி எவ்வளவு போடுறது? கணக்குப் பாப்பம். டொட் கொம் ஒண்டுக்கு அதை நடத்திற வெரிசைன் கொம்பனி எடுக்கிற மொத்த வியாபார விலை 2024 செப்டெம்பர்ல 10.26 டொலர் ஆனது, அதுக்கு மேல எங்களுக்குப் பேரைப் பதிஞ்சு தாற ரெஜிஸ்ட்ரார் தன்ர பங்கை வைப்பான், வருசத்துக்கு 12 டொலர் எண்டு வையுங்கோ. 40 டொமைனுக்கு 480 டொலர், டொலர் 300 ரூபா எண்டாலும் ஒரு லட்சத்து நாப்பத்து நாலாயிரம். இப்ப உண்மையைச் சொல்லுறன், 40 டொமைன் வைச்சிருக்கிற ஆளுக்கு வருசத்துக்கு ஒண்டு வித்தாலே நல்ல வருசம். அப்ப விக்கிற அந்த ஒண்டுதான் மிச்சம் 39 டொமைனையும் தூக்கிச் சுமக்கோணும். கமிஷன் 25 வீதம் எண்டா கையில 480 வர 640 டொலருக்கு விக்கோணும். 640 க்குக் கீழ ஃப்ளோர் போட்டா நீங்கள் வித்தும் நட்டம். நல்ல பேர், சுமார் பேர் எண்டு பிரிச்சு 640 ல இருந்து மேல போங்கோ. மினிமம் ஒஃபரை மட்டும் இதை விடக் குறைவா வையுங்கோ, 250, 300 எண்டு, ஏனெண்டா கதைக்க வாற ஆளை வாசல்லயே விரட்டக் கூடாது, கதைச்சா மேல வருவான்.

கொட்டாஞ்சேனை அக்கா: பழைய பேர் ஒண்டு, 25 டொலருக்குப் போனாலும் போதும் எண்டு போட்டன், சைட் எடுக்கேல்லை. என்ர பேர், என்ர விலை, இவைக்கென்ன?

அக்கா கோவப்படாதேங்கோ. கார்ட் கட்டணம், எஸ்க்ரோ வேலை (பேர் கை மாறும் வரைக்கும் காசை நடுவில வைச்சிருக்கிறது), பேரை மாத்திக் குடுக்க ஒரு ஆள், ஏதும் பிரச்சினை எண்டா ஈமெயிலுக்குப் பதில் எழுத இன்னொரு ஆள், 25 டொலர்ல ஒரு பங்கு எடுத்து இதெல்லாம் செய்யேலாது. அதால சில இடத்தில குறைஞ்சபட்ச விலை இருக்கு, சில இடத்தில விலையை விட்டுட்டு குறைஞ்சபட்ச கமிஷன் வைப்பாங்கள், ரெண்டாவதுதான் ஆக்களை விழுத்திற குழி. சும்மா கணக்குக்கு, கமிஷன் 15 வீதம் ஆனா குறைஞ்சது 60 டொலர் எண்டு ஒரு சைட்ல இருந்தா, 150 டொலருக்கு வித்த பேர்ல 60 போயிடும், 15 வீதம் எண்டு நினைச்சது 40 வீதம். அதுக்கு மேல வெளிநாட்டில இருந்து பாங்குக்குக் காசு (வயர்) வாறதுக்கு பாங்க் வெட்டும். 25 டொலருக்குத்தான் குடுக்கோணும் எண்டா தெரிஞ்ச ஆளுக்குக் குடுங்கோ, இல்லாட்டி ரினியூ பண்ணாம விடுங்கோ. விடுறதும் ஒரு முடிவுதான், நான் போன வருசம் அறுபது டொமைனை விட்டன், ஒண்டுக்கும் கவலை இல்லை.

தெஹிவளை: மேல வரம்பு இருக்கா? நான் ஒரு மில்லியன் டொலர் போட்டா ஆர் கேக்கப் போறான்?

ஒருத்தரும் கேக்க மாட்டினம், வாங்கவும் மாட்டினம். பெரிய தொகையைக் கார்ட்ல எடுத்தா பிறகு அந்தக் காசைத் திருப்பி இழுக்கிற ஆபத்து இருக்கு, அதால குறிப்பிட்ட தொகைக்கு மேல போனா சைட்டிலயே உடன கார்ட்டால காசு கட்டுற வழி நிண்டு, எஸ்க்ரோ, வயர், புரோக்கர் எண்டு வேற பாதையில போகும். வொய்ஸ் டொட் கொம்மை 2019 இல மைக்ரோஸ்ட்ரட்டஜி எண்ட கொம்பனி 30 மில்லியன் டொலருக்கு வித்தது, அதை ஆரும் நடுச்சாமத்தில கிரெடிட் கார்ட் தேச்சு வாங்கேல்லை. உங்கட பேர் அந்த ரகம் இல்லையெண்டா வாங்கிறவன் யோசிக்காமக் கட்டக்கூடிய தொகையில வையுங்கோ.

கிராண்ட்பாஸ்: ஒரே பேர ரெண்டு எடத்துல போட்டு ஈக்கேன் அண்ணே, ஒண்டுல 1,500, மத்ததுல கமிஷன் கூட எண்டு 1,900. இது புழையா, செல்லுங்களே.

பிழை எண்டு இல்லை, ஆனா வாங்கிறவன் கூகிள்ல தேடி ரெண்டையும் பாப்பான், பாத்தா 1,500 ஐக் காட்டி 1,200 கேப்பான். ஒரே விலையாப் போட்டுட்டு கமிஷன் வித்தியாசத்தை நீங்கள் தாங்குங்கோ. ஆஃப்டர்னிக்ல 2023 ல இருந்து நேம்சேர்வரை (பேரைத் திறந்தா எங்க போகோணும் எண்டு சொல்லுற செட்டிங்) அவங்கட பக்கம் திருப்பினா 15 வீதம், இல்லாட்டி 25 வீதம், அதால முதல்ல நேம்சேர்வரைத் திருப்புங்கோ, 1,500 ல 150 டொலர் வித்தியாசம் அதிலயே வருது.

மற்றது, ரெண்டு இடத்திலயும் ஃபாஸ்ட் ட்ரான்ஸ்ஃபர் போட வேண்டாம். காசு கட்டின உடன பேர் தானா மாறுற முறை அது, ஒரே நாளில ரெண்டு பேர் வாங்கினா ஒருத்தனுக்கு நீங்கள் பொய்யன்.

இதில நான் பட்டதைச் சொல்லோணும். கொஞ்சக் காலத்துக்கு முதல் ரெண்டு சைட்ல லிஸ்ட் வைச்சிருந்தன், பேர் எந்த சைட் எண்டு வேண்டாம். ஒண்டின்ர எக்ஸெல் ஷீட்ல பேருக்குப் பக்கத்தில பை நவ், பிறகு ஃப்ளோர், பிறகு மினிமம் ஒஃபர். மற்றதில மினிமம் ஒஃபர் முன்னுக்கு, பை நவ் கடைசி. நான் இரவு பதினொரு மணிக்கு, ஒரு கையில தேத்தண்ணி, ஒரு ஷீட்டைக் கொப்பி பண்ணி மற்றதில ஒட்டிட்டுப் படுத்திட்டன். விடிய எழும்பிப் பாத்தா "கொங்ராஜுலேஷன்ஸ்" எண்டு ஈமெயில். 2,400 டொலர் பேர் 300 க்குப் போயிருந்தது. எழுதினன், கெஞ்சினன், அவங்கள் சொன்னது நீங்கள் போட்ட விலை நீங்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் எண்டு, சரிதானே, நானும் அந்தக் கட்டத்தில டிக் போட்டுத்தான் இருந்தன். மனிசி இண்டைக்கும் தேத்தண்ணி தரேக்க "விலையைப் பாத்தீங்களோ" எண்டு கேக்கிறா.

அண்டையில இருந்து ஷீட்டை ஏத்தினாப் பிறகு பத்து டொமைனையாவது சைட்டில நேர போய்த் திறந்து பாக்காமப் படுக்கிறேல்லை. இன்னொண்டு, நம்பருக்குள்ள கமா போடாதேங்கோ. 1,800 எண்டு எழுதி சிஎஸ்வியா சேவ் பண்ணினா அந்தக் கமாவிலயே பிரிச்சு 1 ஒரு பெட்டியிலயும் 800 அடுத்த பெட்டியிலயும் போய் இருக்கக் கூடும். அக்கா பேசின அந்தக் குறைஞ்சபட்ச விலை வரம்பு இங்கதான் உதவும், 1 டொலர் எண்டதை சைட் எடுக்காது, சிவப்புக் கோடு காட்டும்.

மருதானை, படிக்கிற பிள்ளை: டொமைனுக்கு விலைக் கட்டுப்பாடு இருக்கு எண்டு வாசிச்சன், பிறகு எப்பிடி ஆக்கள் ஆயிரக்கணக்கில விக்கினம்?

நல்ல கேள்வி தங்கச்சி, ரெண்டு விலையை ஒண்டாக்கிக் குழம்புறீங்கள். கட்டுப்பாடு இருக்கிறது ரெஜிஸ்ட்ரார்மாரிட்ட எடுக்கிற மொத்த வியாபார விலைக்கு. டொட் கொம்முக்கு வெரிசைன் எவ்வளவு கூட்டலாம் எண்டது ஒப்பந்தத்தில இருக்கு, ஆறு வருசத்தில நாலு வருசம் 7 வீதம் வரைக்கும், அப்பிடித்தான் 2021 இல 8.39 ஆ இருந்தது 2024 இல 10.26 ஆனது. டொட் ஓர்க்குக்கும் முந்தி வருசத்துக்கு 10 வீத வரம்பு இருந்தது, 2019 இல டொமைன் விதிகளைப் பாக்கிற ஐகான் அமைப்பு அதை எடுத்து விட்டிட்டுது, கனக்கப் பேர் எதிர்த்தவை. அது கழிஞ்சு கொஞ்ச மாசத்தில அந்த டொட் ஓர்க்கை நடத்திற அமைப்பையே ஒரு முதலீட்டுக் கொம்பனி 1.135 பில்லியன் டொலருக்கு வாங்கக் கேட்டது, 2020 ஏப்ரல்ல ஐகான் சம்மதிக்கேல்லை. ஆனா நான் வாங்கி வைச்ச பேரை நான் எவ்வளவுக்கு விக்கலாம் எண்டதுக்கு இந்த வரம்பு ஒண்டும் பொருந்தாது. காணி மாதிரி, வரிக்குத்தான் கணக்கு, விலை உங்கட விருப்பம்.

புது எக்ஸ்டென்ஷன்கள்ல (டொட் கொம் மாதிரிப் பேரின்ர கடைசித் துண்டு) மட்டும் கவனம். சில பேரை அந்த எக்ஸ்டென்ஷனை நடத்திற ரெஜிஸ்ட்ரியே பிரீமியம் எண்டு பிரிச்சு ஒவ்வொரு வருசமும் நூற்றுக்கணக்கில ரினியூவல் எடுக்கும். வாங்க முதல் ரினியூவல் விலையைப் பாருங்கோ, இந்த வருச விலையை இல்லை.

பம்பலப்பிட்டி: இங்கத்த பெரிய கொம்பனி ஒண்டின்ர பேரோட ஷொப் சேத்து டொட் கொம் கிடைச்சது. அவையளுக்கு விக்க மினிமம் ஒஃபர் எவ்வளவு போடலாம்?

ஒண்டும் போட வேண்டாம். விக்கப் போட்டிருந்தா இறக்குங்கோ, இண்டைக்கே. 1999 இல இருந்து டொமைன் தகராறைத் தீர்க்க யூடிஆர்பி எண்டு ஒரு முறை இருக்கு, அதில வர்த்தகச் சின்னக்காரனுக்கே உங்கட கைச் செலவுக்கு மேல விக்கிற நோக்கத்தோட பேரை எடுத்திருந்தா அதுவே கெட்ட நோக்கத்துக்குச் சாட்சி எண்டு எழுதியே வைச்சிருக்கு. நீங்கள் போடுற விலைதான் உங்களுக்கு எதிரான கடதாசி. அந்தத் தகராறுகளை விசாரிக்கிற வைப்போவில (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) ஒரு நடுவரோட அஞ்சு டொமைன் வரைக்கும் முறைப்பாடு செய்ய 1,500 டொலர், பெரிய கொம்பனிக்கு அது மத்தியானச் சாப்பாட்டுக் காசு. 1,400 போட்டா முறைப்பாட்டை விட மலிவு எண்டு வாங்குவாங்கள் எண்டு ஒருத்தர் எனக்கே கணக்குச் சொன்னவர், அந்தப் புத்தியை வேற தொழில்ல பாவிச்சிருக்கலாம்.

கல்கிசை: டொட் எல்கே, டொட் இலங்கை பேருகளுக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. வாங்கிற ஆள் இந்த நாட்டுக்குள்ளதான், அவர் வெளிநாட்டு சைட்டில தேட மாட்டார், கோல் எடுத்துத்தான் கேப்பார். டொட் இலங்கை 2010 இல வந்தது, தமிழ்ல பேர் எழுதிப் பாக்க ஆசையாத்தான் இருக்கும், விக்கிறதுக்கு எண்டு அடுக்கி வைக்காதேங்கோ. ஒரு விசயம், ரூபாவில விலை சொன்னா அண்டைக்கு மட்டும் எண்டு சொல்லுங்கோ. 2022 மார்ச்சில டொலர் 200 ல இருந்து சில கிழமையில 300 ஐத் தாண்டிப் போகேக்க ரூபாவில வாக்குக் குடுத்திட்டு முழிச்ச ஆக்களில நானும் ஒருத்தன்.

வெள்ளவத்தை தம்பி, திரும்பவும்: அண்ணா 1,800 பேருக்கு 90 டொலர் ஒஃபர் வந்திருக்கு, பேசாம விடவா?

மினிமம் ஒஃபர் இன்னும் போடேல்லைப் போல, நான் மேல சொன்னதை வாசிச்சதோ? விடாதேங்கோ, 90 எண்டு கேக்கிறவன் அந்தப் பேரைத் தேடி வந்து ஈமெயிலும் குடுத்திருக்கிறான், வருசத்துக்கு அப்பிடி எத்தினை பேர் வருவாங்கள். கோபமா ஒண்டும் எழுதாம 1,650 எண்டு ஒரு நம்பரை மட்டும் அனுப்புங்கோ, ஏன் அந்த விலை எண்டு கதை எழுதாதேங்கோ. இப்ப அவன் எழுதினது பாத்து அவசரப்பட்டுப் பை நவ்வை 3,000 ஆக்கவும் வேண்டாம், உங்கட பேரைக் காட்டுற மற்ற ரெஜிஸ்ட்ரார்மாரின்ர பக்கத்தில விலை மாற நேரம் எடுக்கும், அங்க பழைய விலைக்கு வாங்கிட்டான் எண்டா திரும்ப வழக்குப் பேசோணும். 1,650 ஐ அனுப்பிட்டு வேற வேலையைப் பாருங்கோ, பதில் வந்தா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ.