பேனுக்குத் தண்ணீர் காரணமா?

கேள்வி: மதுரையிலிருந்து பெங்களூரு அல்சூருக்குக் குடிவந்து ஆறு மாதமாகிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தலை நிறையப் பேன். இங்கே போர்வெல் தண்ணீர், ஷாம்பு நுரைப்பதே இல்லை. வாரம் மூன்று முறை தலைக்கு ஊற்றுகிறேன். மருந்தும் ஒருமுறை போட்டேன். பத்தே நாளில் மறுபடி வந்துவிட்டது. மாமியார் மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார். தடவலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அடுப்பருகே போனால் தீப்பிடிக்கும். மாமியாரிடம் 'டாக்டர் கூடாதென்றார்' என்று பழியை என் தலையில் போட்டுவிடுங்கள்.

ஊர் மாறி வருகிறவர்கள் எல்லோரும் தண்ணீரைத்தான் திட்டுகிறார்கள். உப்புத் தண்ணீரில் முடி வறண்டு சிக்கு விழும், அவ்வளவுதான். பேன் பறக்காது, குதிக்காது. ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு ஊர்ந்து போகும். இரண்டு பிள்ளைகள் தலை முட்ட ஒரே போனைப் பார்த்தால் போதும். சுத்தமான தலை, அழுக்குத் தலை என்ற பேதமும் அதற்கு இல்லை. தண்ணீருக்குள் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் பூச்சி அது. வாரம் மூன்று முறை என்ன, தினமும் குளிப்பாட்டினாலும் சாகாது.

'மறுபடி வந்துவிட்டது' என்கிறீர்கள். பெரும்பாலும் அது போகவே இல்லை என்பதுதான் நிஜம். மருந்து பேனைக் கொல்லும், எல்லா ஈரையும் கொல்லாது. மிஞ்சிய ஈர் 7 முதல் 10 நாளில் பொரிக்கும். அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள், ஒன்பதாம் நாள், இரண்டாவது முறை போடவேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் வாங்குங்கள். 5 சதவீதம் என்று கடைக்காரர் நீட்டினால் அது சிரங்குக்கானது, திருப்பிக் கொடுங்கள். சாதா ஷாம்பு போட்டு அலசி, துண்டால் ஈரத்தை ஒற்றியெடுங்கள். அன்று கண்டிஷனர் போட்டால் மருந்து முடியில் ஒட்டாது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நன்றாக நனையும்படி தடவி, 10 நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் இரண்டு நாள் ஷாம்பு வேண்டாம்.

இரண்டு மூன்று நாளுக்கொரு முறை முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால் அடிமயிரிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்பையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பொடுகு ஊதினால் உதிரும். ஈர் இரண்டு நகத்துக்கு நடுவே பிடித்து இழுத்தால்தான் வரும். தலைத்தோலிலிருந்து அரை அங்குலம் தள்ளி ஒட்டியிருப்பது பெரும்பாலும் வெறும் ஓடு, பதற வேண்டாம். ஆனால் மருந்து போட்ட மறுநாளும் பேன் சுறுசுறுப்பாக ஊர்ந்தாலோ, சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தாலோ அழைத்து வாருங்கள்.

வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். மகள் பாட்டியோடுதான் படுக்கிறாளா? அப்படியானால் முதலில் மாமியாரை வெளிச்சத்தில் உட்கார வையுங்கள்.