அரிப்பு முதலில் வந்ததா, முடி முதலில் கொட்டியதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாய்க்கு முடி கொட்டுவதைப் பற்றியவை. ஏறக்குறைய எல்லாமே ‘என்ன தடவலாம், டாக்டர்?’ என்ற கேள்வியோடு முடிகின்றன. அதற்கு விடை சொல்லும் முன் நான் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்று உண்டு: நாய் சொறிந்து சொறிந்து முடி போனதா, அல்லது அரிப்பே இல்லாமல் முடி தானாக உதிர்ந்ததா? இதைக் கவனித்துச் சொல்லக்கூடியவர் நாயோடு ஒரே வீட்டில் இருப்பவர்தான். மருத்துவமனை மேசையில் பயந்து நிற்கும் நாய் பெரும்பாலும் சொறிந்துகொள்வதில்லை.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. இடுப்பிலும் வாலின் அடியிலும் முடி திட்டுத் திட்டாகப் போய்விட்டது. இரவெல்லாம் பின்னால் திரும்பிக் கடித்துக்கொண்டே இருக்கிறான். உணவு அலர்ஜியாக இருக்குமோ என்று தீவனத்தை மூன்று முறை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. உடம்பில் தெள்ளுப்பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.

பதில்: முதலில் திட்டின் ஓரத்தில் இருக்கும் சில முடிகளை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நுனி கூர்மையாக இல்லாமல் வெட்டுப்பட்டது போல முறிந்திருந்தால், முடி கொட்டவில்லை, உங்கள் நாய்தான் கடித்து முறிக்கிறது என்று பொருள். இடுப்பு, வாலின் அடி, தொடையின் பின்புறம் ஆகிய மூன்று இடங்களையும் ஒரு நாய் விடாமல் கடிக்கிறது என்றால், நான் முதலில் சந்தேகிப்பது தெள்ளுப்பூச்சி அலர்ஜியைத்தான். உணவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

‘கண்ணில் படவில்லை’ என்பதை வைத்து இந்தச் சந்தேகத்தைக் கைவிட முடியாது. இந்த அலர்ஜி தெள்ளுப்பூச்சியின் எச்சிலில் உள்ள புரதங்களால் வருவது. ஒவ்வாமை ஏற்பட்ட நாய்க்கு அவ்வப்போது விழும் ஓரிரு கடிகளே போதும். அரிப்புத் தாங்காமல் உடம்பை ஓயாமல் நக்கிக் கடிக்கும் நாய், இருந்த ஒன்றிரண்டு பூச்சிகளையும் விழுங்கிவிடுவதால் தேடுபவர் கையில் அவை அகப்படுவதில்லை. ஆகவே பூச்சியைத் தேடாதீர்கள், அதன் எச்சத்தைத் தேடுங்கள். பேன் சீப்பால் வாலின் அடியில் அழுத்தி வாரி, சீப்பில் வரும் மிளகுத்தூள் போன்ற கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டி ஒரு நிமிடம் காத்திருங்கள். வெறும் மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும்; தெள்ளுப்பூச்சியின் எச்சமாக இருந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் கசியும். அது உங்கள் நாயின் இரத்தம், பூச்சியின் வயிற்றில் செரித்து வெளிவந்தது.

நாய்க்கு மட்டும் ஒரு முறை மருந்து போட்டுவிட்டு, குணமாகவில்லை என்று எழுதுபவர்கள் அதிகம். வளர்ந்த பூச்சிகள் மட்டுமே நாயின் மேல் இருக்கின்றன; மொத்தக் கூட்டத்தில் அவை சுமார் 5 சதவீதம்தான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் தரைவிரிப்பிலும் சோபா இடுக்குகளிலும் கிடக்கின்றன. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். கூட்டுப்புழு தன் கூட்டுக்குள் பல மாதங்கள் காத்திருக்க வல்லது. அங்கே மருந்தும் எளிதில் எட்டாது. எனவே வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் குறைந்தது மூன்று மாதங்கள் இடைவிடாமல் மருத்துவர் சொல்லும் பூச்சி மருந்தைக் கொடுக்க வேண்டும். படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். வாக்குவம் கிளீனர் இருந்தால் சோபாவின் அடிவரை இழுக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் ஒரு முக்கியமான எச்சரிக்கை: நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி இருக்கிறது, அது பூனையின் உயிரையே பறித்துவிடும். ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றுக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஐந்து மாதக் குட்டி. கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் ஒரு முன்னங்காலிலும் சிறு சிறு வழுக்கைத் திட்டுகள் உள்ளன. சொறிந்துகொள்வதாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், ‘சொறி பிடித்துவிட்டது, குழந்தைகளைத் தொட விடாதே’ என்கிறார். எனக்கு முன்பு எழுதிக் கொடுத்த தோல் களிம்பு வீட்டில் மீதம் இருந்தது. அதைத் தடவி வருகிறேன்.

பதில்: களிம்பை இன்றே நிறுத்துங்கள், அம்மா. நம் வீடுகளில் மீந்து கிடக்கும் தோல் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. உங்கள் குட்டிக்கு இருப்பது நான் நினைப்பதானால், ஸ்டீராய்டு அதை வளர்க்கவே செய்யும். தவிர, நாய்க்குத் தடவும் எதுவும் ஐந்து நிமிடத்தில் அதன் வயிற்றுக்குப் போய்விடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

நாம் ‘சொறி’ என்று ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒன்று டெமோடெக்ஸ் என்னும் நுண்சிலந்தியால் வருவது. இது முடியின் வேர்க்குழிகளில் வாழ்வது. பிறந்த சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடுகிறது. ஆரோக்கியமான நாய்களின் தோலிலும் ஓசையில்லாமல் இருக்கிறது. குட்டியின் எதிர்ப்புச் சக்தி இன்னும் முதிராத பருவத்தில் இது பெருகினால், கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டது போலவும் உதட்டிலும் முன்னங்கால்களிலும் முடி உதிரும். ஆரம்பத்தில் அரிப்பு மிகக் குறைவு. மனிதருக்கு ஒட்டாது. நான்கைந்து திட்டுகளோடு நிற்கும்வரை பெரும்பாலான குட்டிகளில் ஓரிரு மாதங்களில் தானாகவே ஆறிவிடும். திட்டுகள் பெருகினாலோ பாதங்களில் வீக்கமும் சீழும் கண்டாலோ மருந்து கட்டாயம்.

மற்றொன்று சார்கோப்டெஸ் என்னும் நுண்சிலந்தி. பெரியவர் பயப்படுவது இதைத்தான். இது தோலைக் குடைந்து வாழ்வது; நாய்க்கு உண்ணவும் உறங்கவும் முடியாத அளவுக்கு அரிப்பைத் தருவது; காதின் விளிம்பு, முழங்கை, பின்னங்காலின் கணுமூட்டு, வயிற்றின் அடி ஆகிய இடங்களில் முதலில் தெரிவது. காது மடலின் விளிம்பை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால், பெரும்பாலான சமயங்களில் பின்னங்கால் தானாகவே சொறியும் பாவனையில் ஆடும். இது மனிதரிடம் வந்தால் சில நாள் அரிப்பைத் தரும். நம் தோலில் நிலைத்து இனம் பெருக்க இயலாததால், நாய் குணமானதும் நமக்கும் அடங்கிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாய்க்கு அலர்ஜி என்று தீர்மானமாகச் சொல்லி ஸ்டீராய்டு கொடுத்து அனுப்பினேன். மறுவாரம் என் முன்னங்கையிலேயே வரிவரியாகத் தடித்து அரித்தபோதுதான் என் தவறு புரிந்தது. அன்று முதல், ‘வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?’ என்று கேட்காமல் நான் மருந்து எழுதுவதில்லை.

குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் இன்னொன்றையும் விலக்கிவிட வேண்டும்: படர்தாமரை. இது பூஞ்சை, வட்டமான, செதிலடித்த திட்டுகளாக வரும், குழந்தைகளுக்கு எளிதில் ஒட்டும். புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ஒளிராவிட்டால் படர்தாமரை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பூஞ்சை வளர்ப்புச் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம். ஆகவே மருத்துவரிடம் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். டெமோடெக்ஸ் ஆழத்தில் இருப்பதால், தோலைப் பிதுக்கிவிட்டு லேசாக இரத்தம் கசியும்வரை சுரண்டுவார்கள், பதற வேண்டாம். முடிவு தெரியும்வரை குழந்தைகள் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும், அது போதும்.

கேள்வி: இரண்டு வயதிலிருந்தே எங்கள் நாய் பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கிறது, வெள்ளை முடி துருப்பிடித்த நிறமாகிவிட்டது. காதில் அடிக்கடி சீழ், அக்குளில் சிவப்பு, முடி உதிர்வு. ஊசி போட்டால் இரண்டு வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு பழைய கதைதான். இரத்தப் பரிசோதனையில் எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே?

பதில்: உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இரத்தம், எச்சில், முடி ஆகியவற்றில் செய்யும் பரிசோதனைகளை நான் நம்புவதில்லை, தோல் சிறப்பு மருத்துவர்களும் அவற்றை வைத்து முடிவெடுப்பதில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, கீழே சொல்லும் உணவுச் சோதனையைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

நாய் இதுவரை தின்றே இராத ஒரு புரதம், அல்லது மருத்துவர் பரிந்துரைக்கும், புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த தீவனம், இரண்டில் ஒன்றை மட்டும் எட்டு வாரங்கள் கொடுக்க வேண்டும். ‘மட்டும்’ என்பதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். பிஸ்கட் கிடையாது, எலும்பு கிடையாது, சாப்பாட்டு மேசைக்குக் கீழே நீளும் கை கிடையாது, பூனைத் தட்டில் மிச்சம் கிடையாது. இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரையும் நாய்ப் பற்பசையும்கூடக் கிடையாது. ஏழாவது வாரத்தில் பாட்டி இரக்கப்பட்டு ஒரு வாய் ஊட்டிவிட்டால் சோதனை கெட்டுவிடும். அரிப்புக் குறைந்துவிட்டது என்பதோடு நிறுத்திவிடவும் கூடாது. பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரங்களுக்குள் அரிப்புத் திரும்பினால்தான் உணவு குற்றவாளி என்று உறுதி. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை அடிக்கடி அகப்படுகின்றன. தானியத்தை மட்டும் நீக்கிய தீவனம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பது விளம்பரம்தான்.

இதிலும் மாற்றமில்லை என்றால், வீட்டுத் தூசியில் வாழும் நுண்சிலந்தி, மகரந்தம், பூஞ்சை வித்து போன்றவற்றுக்கான ஒவ்வாமை என்று கொள்ளலாம். ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்குவதும், பாதம், முகம், காது, அக்குள், தொடையிடுக்கு என்று பரவுவதும் இதன் இயல்பு. பாதத்தின் துரு நிறம் எச்சிலில் உள்ள ஒரு நிறமியால் வருவது. நாய் எவ்வளவு காலமாக, எந்த இடத்தை நக்குகிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. இந்த நோயை வேரோடு அகற்ற முடியாது, கட்டுக்குள் வைக்கலாம். இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் வீட்டார் மருத்துவரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நீங்கள் குறிப்பிடும் ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். தாங்க முடியாத அரிப்பைச் சில நாட்களுக்கு அடக்க அது நல்ல மருந்து; மாதாமாதம் போட்டுக்கொண்டே போனால் அளவுக்கு மீறிய தாகம், சிறுநீர், உடல் பருமன், தோல் மெலிவு என்று வரிசையாக வரும். இன்று அரிப்பை அடக்க ஓக்லசிட்டினிப் மாத்திரையும் லோகிவெட்மாப் ஊசியும் இருக்கின்றன. முன்னதை ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகளுக்குக் கொடுக்கக் கூடாது. எதற்கு ஒவ்வாமை என்று கண்டறிந்து, அதையே சிறுகச் சிறுக உடலில் செலுத்திப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அதன் பலனை எடைபோட ஓராண்டு வரை பொறுக்க வேண்டும். ஆனால் எந்த மருந்தைத் தொடங்கும் முன்னும் காதிலும் அக்குளிலும் உள்ள பாக்டீரியாவையும் ஈஸ்ட் பூஞ்சையையும் ஒழிக்க வேண்டும். பிசுபிசுப்பும் ஊசிப்போன வாடையும் இருந்தால் அரிப்பில் பெரும்பங்கு அவற்றுடையதாகவே இருக்கும். அலர்ஜி மருந்து மட்டும் அதற்குப் போதாது.

கேள்வி: எட்டு வயது நாய்க்கு இரு விலாப் பக்கமும் ஒரே மாதிரி முடி உதிர்ந்து, வாலும் மொட்டையாகிவிட்டது. சொறிவதே இல்லை. சோம்பிக் கிடக்கிறது, எடையும் கூடிவிட்டது.

பதில்: கோளாறு தோலில் தொடங்கவில்லை என்றே நினைக்கிறேன். இரு பக்கமும் சமமாக, அரிப்பின்றி முடி போனால் சுரப்பிகளைப் பார்க்க வேண்டும், முதலில் தைராய்டு. இரத்தத்தில் டி4 என்னும் தைராய்டு ஹார்மோனின் அளவு வேறு நோய்களாலும் குறையும் என்பதால் அதை மட்டும் வைத்து மாத்திரை தொடங்காமல், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோனின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். போவதற்கு முன் ஒரு நாள் முழுக்க நாய் குடிக்கும் தண்ணீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால், அட்ரீனல் சுரப்பியின் கோளாறான குஷிங் நோயையும் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: அரிப்புக்காக மருத்துவர் கொடுத்த குளோர்ஹெக்ஸிடின் ஷாம்புவால் பலனே தெரியவில்லை. எங்கள் ஷாம்புவையே தினமும் போடலாமா?

பதில்: கூடாது. நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைந்தது. நமது ஷாம்புவைத் தினமும் போட்டால் இருக்கும் எண்ணெய்ப் பசையும் போய் அரிப்புக் கூடும். மருந்து ஷாம்பு பலிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். நுரை பத்து நிமிடம் தோலில் நிற்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். நாய் உதறிக்கொண்டு ஓடாமலிருக்க, நோய் உள்ள இடத்தில் முதலில் போட்டு, மற்ற இடங்களைத் தேய்த்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். பின்பு வெதுவெதுப்பான நீரில், கையில் வழுவழுப்பு அறவே நீங்கும்வரை அலசி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். வாரம் இரண்டு முறை இப்படிச் செய்து, நான்கு வாரம் கழித்து எழுதுங்கள்.