மழை நாளில் போய்ப் பாருங்கள், தம்பி

தம்பி, கனடாவில் ஸ்காபரோவில் முதல் வீடு பார்க்கத் தொடங்கியிருப்பதாகவும், வீட்டை நிபுணர் ஒருவர் பரிசோதித்த பிறகே வாங்குவேன் என்று இன்ஸ்பெக்சன் நிபந்தனை போட்டால் வீடு கைநழுவிவிடும் என்று முகவர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். விடுமுறைக்கு வந்து, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் இருந்துதான் பதில் எழுதுகிறேன்.

இந்த வளவை வாங்குவதற்கு முன் அப்பா இரண்டு தரம் வந்து பார்த்தார் என்று அம்மா சொல்வார். ஆவணி வெயிலில் வந்தவர், கிணற்றில் ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையில் ஏந்திக் குடித்து, சவர் தட்டுகிறதா என்று பார்த்தார். கார்த்திகை மழையில் மறுபடி வந்து, வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வேலியோரம் குடையுடன் நின்றார். காணி உறுதி எழுதியது அதற்குப் பிறகுதான்.

நான் கனடாவில் அப்படிச் செய்யவில்லை. முதல் வீட்டை யூன் மாத வெயிலில் இருபது நிமிடம் பார்த்தேன். பேஸ்மென்ட் என்கிற நிலக்கீழ்த் தளத்தின் சுவருக்குப் புதுப் பெயின்ற், தரையில் புதுக் கம்பளம். வேறு ஆட்களும் கேட்கிறார்கள் என்றதும் நிபந்தனையில்லாமல் கையெழுத்து வைத்துவிட்டேன். மார்ச்சில் பனி உருகியபோது கம்பளம் காலடியில் நசநசத்தது. மூலையைக் கிளப்பினேன். சுவரடியில் ஒரு சாண் உயரத்துக்கு உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. வெளியே அத்திவாரம் வரை கிண்டி, நீர் புகாமல் பூசி முடிப்பதற்குள் மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த காசு கரைந்துவிட்டது.

ஆகவே குசினியைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பேஸ்மென்டுக்கு இறங்கி மணத்தைக் கவனியுங்கள். அலுமாரி சாத்திய சுவரின் பின்புறத்தையும் எட்டிப் பாருங்கள். பிறகு வெளியே வந்து வீட்டைச் சுற்றி நடவுங்கள். கூரைப் பீலித் தண்ணீர் சுவரடியிலேயே கொட்டுகிறதா, ஆறடி தள்ளிப் போகிறதா? நிலம் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் தண்ணீரும் அங்கேதான் வரும்.

மின்பெட்டி 60 அம்பியர் என்றால் காப்புறுதி கிடைப்பது கடினம். 1960களின் நடுவிலிருந்து 1970களின் கடைசி வரை கட்டிய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கலாம், கேளுங்கள். சுடுதண்ணீர்த் தாங்கி வாடகைக்கு எடுத்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் வந்து விழும்.

பேஸ்மென்ட் வாடகையை நம்பித் தவணைக் கணக்குப் போடுகிறவர்கள் எங்களில் பலர். அதை வாடகைக்கு விட நகரசபை அனுமதி இருக்கிறதா என்று கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் அந்தக் காசைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முகவர் சொல்வதற்கும் வழி இருக்கிறது. வாங்கும் விலையை எழுதிக் கொடுப்பதற்கு முன்பே உங்கள் செலவில் இன்ஸ்பெக்சன் செய்யலாம். அப்போது நிபந்தனை தேவையில்லை. இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும். வேலைக்கு லீவு போட்டாவது கூடவே நில்லுங்கள். அறிக்கையில் ஒரு வரியாக வருவதைப் பரிசோதிப்பவர் கைவைத்துக் காட்டுவார்.

அடுத்த மாதம் திரும்பிவிடுவேன். அதுவரை கையெழுத்து வைக்காமல் இருந்தால் நானும் கூட வருகிறேன். மழை பெய்கிற நாளாகப் பார்த்துப் போவோம்.