குந்தாவின் ஆளில்லாத நிலம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் நீலகிரியின் குந்தா வட்டத்தில், மஞ்சூரிலிருந்து கிண்ணக்கொரை வரை சென்று வந்தோம். வழியெங்கும் சோலையும் தேயிலையும்தான். எதிரே வந்த ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழ்நாட்டிலேயே மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த மாவட்டம் நீலகிரி என்றும், 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 287 பேர்தான் என்றும் பிறகு படித்தேன். சமவெளியில் ஒரு சென்ட் மனைக்கு இவ்வளவு போட்டி இருக்கையில், அங்கே ஆளின்றிக் கிடக்கும் நிலத்தில் மக்களைக் குடியேற்றினால் என்ன?

ச., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ச.,

நீங்கள் படித்த எண் சரியானது. ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்தால், உங்கள் கேள்வியின் அடிப்படையே மாறிவிடும். 2011இல் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. பரப்பளவு 2,565 சதுர கிலோமீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 287 வருகிறது. மாநிலச் சராசரியான 555இல் இது ஏறத்தாழப் பாதி. அந்தப் பரப்பளவில் முதுமலையும் முக்குர்த்தியும் குந்தாவின் சோலைகளும் அடக்கம். மாவட்டத்தின் பரப்பில் பாதிக்கும் மேல், அதாவது 1,400 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமாக, காடு. அதைக் கழித்துவிட்டு எஞ்சிய நிலத்தால் வகுத்தால் நெருக்கம் 640ஐத் தொடும். அந்த எஞ்சிய நிலத்திலும் செங்குத்துச் சரிவு, அணை நீர்ப்பரப்பு, தேயிலைத் தோட்டம் எல்லாம் போக, மனிதர் வீடு கட்டிக்கொள்ள வாய்த்த இடம் மலைமுகட்டை ஒட்டிய சிறு சிறு திட்டுகள்தான். மாவட்டத்து மக்களில் பத்தில் ஆறு பேர் உதகை, குன்னூர், கூடலூர் போன்ற நகர்ப்புறங்களில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். நீங்கள் காரில் கடந்தது ஊருக்கும் ஊருக்கும் நடுவே உள்ள இடைவெளியை.

குடியேற்றம் இங்கே நடக்காத ஒன்று அல்ல. 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கிற்று. இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதிலிருந்து வந்ததே. 1971இல் 4.94 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1981இல் 6.30 லட்சமாக உயர்ந்ததில் அவர்களின் வருகைக்குப் பெரும் பங்குண்டு. அந்த வாழ்வைத் தாங்கியது தேயிலை ஒன்றுதான். 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது, ஓரிரு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிக்குக் கொழுந்து பறிக்கும் கூலிக்கே விலை கட்டாமல் போயிற்று. இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினார்கள். 2001இல் 7,62,141 ஆக இருந்த தொகை அடுத்த பத்தாண்டில் 26,747 குறைந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். புதிதாக ஆட்களைக் கொண்டுவருவதைப் பற்றிப் பேசுமுன், இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

எங்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், வீடுகள் ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்து ஒரே வரிசையாக நிற்கும். எங்கள் வரிசையில் பதினொரு வீடுகள். ஐந்தில் பூட்டுத் தொங்குகிறது. ஆடி மாதச் சாரலில் துருப்பிடிக்காமல் இருக்க, பூட்டைப் பால் பாக்கெட் உறையால் சுற்றி நூலால் கட்டிவிட்டுப் போகிறார்கள். திரும்பி வருவோம் என்று நினைப்பவர்தானே பூட்டுக்கு உறை போடுவார்? ஆள் குறைந்ததும் பேருந்து நடை குறைந்தது, பேருந்து குறைந்ததும் பள்ளிப் பிள்ளைகள் குறைந்தார்கள், அதைக் காட்டி மேலும் இரண்டு குடும்பங்கள் இறங்கின. தலையை எண்ணி வசதி ஒதுக்கும் முறை சமவெளிக்குப் பொருந்தலாம். மலையில் அது ஊரையே காலி செய்கிறது. இதை நான் மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன்.

இனி, ஆளில்லை என்று நீங்கள் சொல்லும் நிலத்திற்கு வருகிறேன். குந்தாவின் மேற்கே விரிந்த புல்வெளிகள் தொதவர் (தோடர்) பழங்குடியினரின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம். அவர்களின் மந்துகள் என்னும் குடியிருப்புகள் பார்வைக்குச் சிறியவையானாலும் அவற்றின் எல்லை மிகப் பெரியது. அந்தப் புல்லும் சோலையும் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதால்தான் பவானியில் கோடையிலும் நீர் ஓடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையை வாங்கும் சரிவுகளில் வீட்டுமனை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அந்த நாட்களில் மண் சரிந்து மூடிய எங்கள் சாலைகளே விடை. அப்பர் பவானியில் பிறக்கும் ஆறு அட்டப்பாடி வழியாகச் சுற்றி, பில்லூரில் குந்தா ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, பவானிசாகரில் தேங்கி, கொடிவேரி வழியாகத் தடப்பள்ளி வாய்க்காலில் உங்கள் ஊர் வயலுக்கு வருகிறது. நீங்கள் உண்ணும் சோற்றில் அந்த வெற்று நிலத்தின் பங்கு இருக்கிறது.

அடுத்த முறை எங்கள் குலதெய்வமான ஹெத்தையின் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவை ஒட்டி, மார்கழியில் வாருங்கள். திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் எல்லாரும் வந்துவிடுவார்கள். எங்கள் வரிசையில் பதினொரு வீட்டிலும் அடுப்பு எரியும். ஒரு வேளை எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அன்புடன்.