ஈரம் இருக்குது, பயிர் வாடுதே! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை இழுக்க மாட்டேன் என்கிறது. 60 அடித் தென்னைக்கு மோட்டாரே இல்லை. உச்சிக்கு எப்படிங்க ஏறுது?
– பொள்ளாச்சி வாசகர்

மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரை மேலே ஏற்றுவது கிணற்று நீர்ப்பரப்பை அழுத்தும் வெளிக்காற்று. அந்த அழுத்தம் தாங்கும் உயரம் கடல்மட்டத்திலேயே சுமார் 34 அடி. நம் மேட்டுப்பூமியில் இன்னும் கொஞ்சம் குறையும். குழாய் உராய்வு, குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வின் கசிவு எல்லாம் போக 20–25 அடி மிஞ்சினால் பெரிது. நீர்மூழ்கி மோட்டார் கீழேயிருந்து தள்ளுவதால் அதற்கு இந்த வரம்பு கிடையாது.

தென்னையின் வழி வேறு. ஓலையின் நுண்துளைகளில் நீர் ஆவியாகும்போது, செல்சுவரில் உள்ள ஈரம் பின்னால் நிற்கும் நீரை இழுக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால், அந்த இழுப்பு, கவலை ஏற்றத்தில் மாடு இழுக்கும் கயிறு மாதிரி வேர்நுனி வரை போய்ச் சேருகிறது. டிக்சன், ஜாலி என்ற இரு அறிவியலாளர்கள் 1894-இல் முன்வைத்த விளக்கம் இது, இன்றும் நிற்கிறது. 60 அடி ஏற்ற வெளிக்காற்றழுத்தத்தைப்போல சுமார் 2 மடங்கு இழுவிசை வேண்டும். நீர் ஏறும் நுண்குழாய்களான நாளங்களின் உராய்வுக்கு ஏறக்குறைய இன்னொரு 2 மடங்கு. சித்திரை மாத உச்சிவெயிலில் ஓலையில் 10 மடங்குக்கு மேலேயே உருவாகும் என்பதால் உயரம் ஒரு பொருட்டே இல்லை.

சிக்கல் மண் காயும்போதுதான். இழுவிசை அளவுமீறினால் நாளத்துக்குள் காற்றுக்குமிழி புகுந்து நீர்த்தொடர் அறுந்துவிடும். வேம்பும் புளியும் ஆண்டுதோறும் புதுக்கட்டை வைத்து அதில் புது நாளம் போட்டுக்கொள்ளும். தென்னைக்கு அந்த வசதி இல்லை. தண்டு ஒருமுறை உருவானால் அதே நாளங்கள்தான் கடைசிவரை. ஏறுவதற்கு மரத்தில் வெட்டும் படி ஆறாமல் கிடப்பதற்கும் காரணம் இதுவே. தயவுசெய்து படி வெட்டாதீர்கள்.

வளர்ந்த மரத்துக்குச் சொட்டுநீரில் நாளொன்றுக்கு, பருவத்தைப் பொறுத்து 45 முதல் 65 லிட்டர். தூரோடு ஒட்டி ஒரே ஒரு சொட்டுவான் வைப்பது வீண் வேலை. தூரிலிருந்து 3 அடி தள்ளி நான்கு வையுங்கள். மணிக்கு 8 லிட்டர் சொட்டுவான் என்றால் கோடையில் 2 மணி நேரம் ஓட்டினால் போதும். பாளை வெடித்த பிறகு காய் முற்ற ஓர் ஆண்டு ஆகும். பாளை உள்ளே உருவாவதோ அதற்கும் வெகுமுன்பே. ஆகையால் இந்தக் கோடையின் வறட்சி அடுத்த ஆண்டு வெட்டிலும் அதற்கடுத்த ஆண்டு வெட்டிலும் தெரியும். மழை பெய்தும் காய் குறைகிறதே என்று உரத்தைக் குறைசொல்வது இதனால்தான்.

கேள்வி: கரிசல் காட்டில் தோண்டினால் ஈரம் தெரிகிறது, மக்காச்சோளம் வாடுகிறது. பக்கத்துச் செம்மண் காட்டில் ஈரமே தெரியவில்லை, பயிர் நிமிர்ந்து நிற்கிறது. ஏன்?
– உடுமலை வாசகர்

மண்ணில் தண்ணீர் இருப்பது வேறு, வேருக்குக் கிடைப்பது வேறு. கரிசலின் களித்துகள் மிக நுண்ணியது. ஒவ்வொரு துகளும் தன் மேல் மெல்லிய நீர்ப்படலத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடி வெளிக்காற்றழுத்தத்தைப்போல 15 மடங்கை எட்டினால் பெரும்பாலான பயிர்களால் பிடுங்க முடியாது. கெட்டிக் கரிசலில் 100 கிலோ காய்ந்த மண்ணுக்கு ஏறக்குறைய 20 கிலோ தண்ணீர் இருக்கும்போதே அந்த நிலை வந்துவிடும். மணற்பாங்கான செம்மண்ணிலோ 6–8 கிலோ வரை இறங்கினால்தான் வாட்டம். கைக்கு ஈரமாகத் தெரிவதை வைத்து இரண்டு மண்ணையும் ஒப்பிடக்கூடாது.

ஓரடி ஆழத்தில் ஒரு பிடி மண் எடுங்கள். கரிசல் என்றால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கித் தள்ளுங்கள். நாடாவாக நீண்டால் பயிருக்கு உதவும் ஈரத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது. உருண்டை பிடிக்கிறது, நாடா வரவில்லை என்றால் தண்ணீர் விட வேண்டிய நேரம். செம்மண்ணில் உருண்டை பிடித்து லேசாகத் தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் தாமதம் வேண்டாம்.

இன்னொன்று. மத்தியான வாட்டத்தைப் பார்த்து மடை திறக்காதீர்கள். வேர் ஏற்றுவதைவிட இலை இழப்பது வேகமாக இருந்தால் ஈரக்காட்டிலும் இலை தொங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் இது சகஜம். இலையைச் சுற்றியிருக்கும் ஈரக்காற்றை அது துடைத்துக்கொண்டே போகிறது. விடியற்காலையில் போய்ப் பாருங்கள். அப்போதும் சுருண்டிருந்தால்தான் மண்ணில் குறை. கரிசல் வெடிப்பு விட ஆரம்பித்தால் மேலே இரண்டு அங்குலம் கொத்திவிடுங்கள், வெடிப்பு வழியே போகும் ஈரம் நிற்கும்.

கேள்வி: வாய்க்கால் தண்ணீர் தாராளம். இருந்தும் மஞ்சள் பயிர் பழுத்துச் சாய்கிறதே?
– கோபி வாசகர்

தாராளம்தான் காரணம். வேரும் மூச்சு விட வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். தேங்கிய பாத்தியில் வேர் திணறும், அழுகல் பூஞ்சை புகுந்துகொள்ளும். தண்டைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்து, கிழங்கு மெத்தென்று நாறினால் அழுகல் உறுதி. முதலில் வடிகால் வெட்டுங்கள். அதற்குப் பிறகுதான் காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு 2.5 கிராம், தூரில் ஊற்றுவது. வடிக்காமல் மருந்து ஊற்றுவது காசைக் கரைப்பது.

கேள்வி: போர்த் தண்ணீர் சப்பை, உப்புத் தண்ணீர். சொட்டுநீர் போட்டும் மழை பெய்த மறுநாள் இலை கருகுகிறது. மழையால் கருகுமா?
– சென்னிமலை வாசகர்

கருகும். நொய்யல் ஓரத்து நிலத்தடி நீரில் சாயக்கழிவின் உப்பு ஊறிய கதை ஊரறிந்தது. உப்பு நீரைத் தன்பக்கம் பிடித்துவைக்கும். பரிசோதனைச் சீட்டில் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், dS/m) 1 என்றால் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு. பாய்ச்சும்போது அது தாங்கக்கூடியதாக இருக்கலாம், ஆனால் மண்ணில் பாதி நீர் போனதும் கரைசல் இரட்டிப்பாகிவிடும். சொட்டுநீரில் அந்த உப்பு நனைந்த வட்டத்தின் விளிம்பில் வெள்ளை வளையமாகப் படியும். தூறல் மழை அதைக் கரைத்து உள்ளே, வேருக்கே கொண்டுவந்து சேர்க்கும். அதனால் லேசான மழை பெய்யும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். உப்பு வெளியேதான் தள்ளப்படும். கனமழை என்றால் நிறுத்தலாம், அது கீழே கழுவிவிடும். ஜிப்சம் எல்லா உப்புக்கும் மருந்து இல்லை. சோடியம் மிகுந்து மண் இறுகியிருந்தால்தான் பலன். மண் பரிசோதனை செய்யாமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: சோளத்தட்டு மட்டும் தின்னும் மாட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு? மழை தவறிய சோளக்காட்டில் மேய்க்கலாமா?
– காங்கேயம் வாசகர்

பச்சைத் தீவனத்தில் முக்கால் பங்கு நீர். காய்ந்த சோளத்தட்டில் பத்தில் ஒரு பங்குதான். தின்னும் ஒவ்வொரு கிலோ தட்டுக்கும் 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள், வெயில் காலத்தில் 5. கறவை என்றால் கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் மேற்கொண்டு 3–4 லிட்டர். பாலே 87 சதவீதம் தண்ணீர்தானே. தொட்டி வெயிலில் கொதித்தால் மாடு குடிப்பது குறையும், நிழலில் வையுங்கள்.

வாடிய இளஞ்சோளத்தில் மட்டும் மாட்டை விடாதீர்கள். வளர்ச்சி தடைபட்ட பயிரில் சயனைடு தரும் பொருள் சேர்ந்திருக்கும். அறுத்த கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பு இன்னும் மோசம். பூத்த பின் அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். தின்ற சிறிது நேரத்திலேயே மாடு மூச்சிரைத்துத் தள்ளாடினால் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி நேரத்துக்குப் போட்டால் பிழைக்கும். அவர் வருவதற்குள் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். தள்ளாடும் மாட்டுக்கு ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும்.